கேமராவுக்கு முன்னால் ஒரு மனு

வாசகர் கேள்வி – பதில்

சென்ற முறை சொத்துவரிப் பெயர் மாற்றம் பற்றி எழுதியபோது, மாநகராட்சிப் பூங்காவில் படம் எடுக்கவும் மனு கொடுக்க வேண்டும் என்று போகிற போக்கில் ஒரு வரி சேர்த்திருந்தேன். பெயர் மாற்றத்தைவிட அந்த ஒரு வரிக்குத்தான் அதிகக் கடிதங்கள் வந்தன. பெரும்பாலும் வட சென்னைக் கடிதங்கள். நான் பிறந்து வளர்ந்தது பழைய வண்ணாரப்பேட்டை. மாநகராட்சி மண்டல அலுவலகம் ஒன்றில் 32 ஆண்டுகள் கோப்புகளோடு இருந்து கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றேன். எனவே இந்த இதழின் கேள்வி–பதில் பகுதியை முழுவதும் கேமரா வைத்திருப்பவர்களுக்கும் அவர்கள் வந்து நிற்கும் தெருக்காரர்களுக்கும் ஒதுக்கிவிட்டேன்.

*

அம்மா, நாங்கள் ஐந்து பேர் காட்சித் தொடர்பியல் படிக்கிறோம். 15 நிமிடக் குறும்படம் எடுக்கிறோம். ஒரு காட்சி தண்டையார்பேட்டையில் ஒரு குறுக்குத் தெருவில், இன்னொன்று பூங்காவில். யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்? "கேட்டால் இழுத்தடிப்பார்கள், விடியற்காலையில் போய் எடுத்துவிட்டு வந்துவிடுங்கள்" என்கிறார்கள் சீனியர்கள்.
— மாணவர், கொருக்குப்பேட்டை

சீனியர்கள் சொல்வதை இந்த விஷயத்தில் கேட்காதீர்கள் தம்பி. பாதிக் காட்சி எடுத்த நிலையில் ஒரு காவலர் வந்து நிறுத்தினால், மீதிப் பாதியை எடுக்க அதே வெளிச்சமும் அதே நடிகரும் உங்களுக்குத் திரும்பக் கிடைக்க மாட்டார்கள்.

கையில் கேமராவைப் பிடித்துக்கொண்டு, யார் வழியையும் மறிக்காமல் தெருவில் நின்று படம் எடுப்பதைப் பொதுவாக எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. ட்ரைபாடை ஊன்றி, விளக்கு வைத்து, "கொஞ்சம் நில்லுங்கள், ஷாட் போகிறது" என்று ஒரு சைக்கிள்காரரை நிறுத்துகிறீர்கள் அல்லவா, அந்த நிமிடத்தில் தெருவின் ஒரு துண்டை நீங்கள் எடுத்துக்கொண்டதாக ஆகிறது. அதற்குத்தான் அனுமதி.

முதலில் இடம் யாருடையது என்று கண்டுபிடியுங்கள். வட சென்னையில் இது நினைப்பதைவிடச் சிக்கலானது. பழைய ஜெயில் ரோட்டுப் பக்கம் மாடிப் பூங்கா இருக்கிறதே, படிக்கட்டு ஏறிப் போய் மரநிழலில் உட்காருவோமே, அது பூங்கா என்பதால் மாநகராட்சி இடம் என்று நினைப்போம். ஆனால் அதைத் தாங்கி நிற்கும் சுவர், 18ஆம் நூற்றாண்டில் கறுப்பர் நகரத்தை (இன்றைய ஜார்ஜ் டவுன் பகுதி) காக்க எழுப்பிய மதிலின் மிச்சம். இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னம். (வால்டாக்ஸ் சாலை என்ற பெயரும் அந்த மதிலுக்காகப் போட நினைத்த வரியிலிருந்துதான் வந்தது.) அங்கே படப்பிடிப்பு நடத்த வேண்டுமென்றால் மாநகராட்சிக் கடிதம் மட்டும் போதாது, தொல்லியல் துறையிடமும் உரிமம் வாங்க வேண்டும். நீங்கள் மாணவர்கள், வேறு பூங்காவைத் தேர்ந்தெடுங்கள்.

மாநகராட்சிப் பூங்கா, விளையாட்டுத் திடல், மாநகராட்சிப் பள்ளி வளாகம், சமுதாயக் கூடம், உள் தெருக்கள் எல்லாவற்றுக்கும் மண்டல அலுவலகத்தில் தொடங்குங்கள். சென்னையின் மண்டலங்களில் திருவொற்றியூர், மணலி, மாதவரம், தண்டையார்பேட்டை, ராயபுரம், திரு.வி.க. நகர் ஆகிய ஆறும் நம் பக்கத்தவை. உங்கள் தெரு எந்த மண்டலம், எந்த வார்டு என்பதை மனுவின் முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள். கோப்பு மேசை மாறி அலைவது பெரும்பாலும் இந்த வரி இல்லாததால்தான்.

அடுத்தது காவல்துறை. போக்குவரத்தைக் கொஞ்சம் தடுத்தாலும் அந்தப் பகுதிக் காவல் நிலையத்துக்கும் போக்குவரத்துக் காவலுக்கும் தகவலும் அனுமதியும் வேண்டும். நண்பர்கள் யாராவது எண்ணூரிலோ மணலியிலோ படம் எடுத்தால் ஒன்றை நினைவில் வைக்கச் சொல்லுங்கள். அந்த இடங்கள் சென்னை மாநகராட்சிக்குள் இருக்கின்றன. ஆனால் 2022 முதல் ஆவடி காவல் ஆணையரகத்தின் கீழ் வருகின்றன. சென்னைக் காவல் ஆணையர் அலுவலகத்தில் மனுவைக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தால் நாள் வீணாகும்.

மனு எப்படி இருக்க வேண்டும் என்று கேட்டிருந்தால் ஒரு வாரம் பேசுவேன். எனக்கு வந்தவற்றிலேயே மிகச் சிறந்த மனுவை ஒரு திரைப்படக் கல்லூரிப் பையன் கொடுத்தான். கோடு போட்ட கணக்கு நோட்டுத் தாளைக் கிழித்து, தெருவை வரைந்திருந்தான். இங்கே அடி பம்பு, இங்கே ரேஷன் கடை, இங்கே செருப்பு தைக்கும் பெரியவர் உட்காரும் இடம். கேமரா நிற்கும் இடத்தைச் சிவப்பு மையில் சின்ன முக்கோணமாகப் போட்டு, கீழே எழுதியிருந்தான்: "பெரியவரிடம் கேட்டுவிட்டோம். அன்று காலை 9 மணிக்கு மேல்தான் வருவாராம். நாங்கள் 8.30க்கு முடித்துவிடுவோம்." அந்தத் தாளை வைத்துக்கொண்டு குறிப்பு எழுத எனக்குப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. இரண்டாம் நாள் கையெழுத்தாகி வந்துவிட்டது. அலுவலர் கேட்கக்கூடிய கேள்விகளுக்கெல்லாம் அதிலேயே பதில் இருந்தது.

அதுபோல எழுதுங்கள். எந்தத் தேதி, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, எத்தனை பேர், என்னென்ன வண்டி, மின்சாரம் எங்கிருந்து, குப்பையை யார் அள்ளுவார்கள். கம்பம் நடுவதோ பந்தல் போடுவதோ இருந்தால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்; இல்லையென்றால் "தெருவில் எதையும் தோண்ட மாட்டோம்" என்று எழுதுங்கள். கல்லூரி முதல்வரின் கடிதம், உங்கள் அடையாள அட்டைகளின் நகல், ஒரு பக்கத்தில் கதைச் சுருக்கம் இவற்றை இணையுங்கள். இரண்டு நகல் எடுத்துக்கொண்டு போய்த் தபால் பிரிவில் ஒன்றைக் கொடுத்து, இன்னொன்றில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். அந்த ஊதா மை வட்டம்தான் உங்கள் கையில் உள்ள ஒரே சாட்சி. குறைந்தது இரண்டு வாரம் முன்னதாகப் போங்கள். கட்டணம் உண்டென்றால் ரசீதோடு மட்டும் கட்டுங்கள். வாசலில் நின்று "நான் முடித்துத் தருகிறேன்" என்பவரிடம் ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம்.

பெரிய நிறுவனமாகத் திரைப்படம் எடுக்கிறவர்களுக்கு வேறு வழி: அரசு இடங்களுக்கான மனுக்கள் செய்தி மக்கள் தொடர்புத் துறை மூலமாகப் போகும். அது உங்களுக்கு இப்போது வேண்டாம். வேண்டிவரும் நாள் வரட்டும்.

*

திருமண ஜோடிகளைக் காசிமேட்டிலும் ராயபுரம் ரயில் நிலையத்திலும் வைத்துப் படம் எடுக்கக் கேட்கிறார்கள். மாநகராட்சி அனுமதிக் கடிதம் ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டால் எல்லா இடத்துக்கும் செல்லுமா?
— ஸ்டுடியோ உரிமையாளர், கல்மண்டபம்

செல்லாது. நீங்கள் சொன்ன இரண்டு இடங்களுக்குமே மாநகராட்சி சொந்தக்காரர் இல்லை.

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் மீன்வளத் துறையைக் கேட்க வேண்டும். ராயபுரம் நிலையத்துக்குத் தெற்கு ரயில்வேயின் மக்கள் தொடர்பு அலுவலகம். 1856இல் திறந்த நிலையம் அது. தென்னிந்தியாவின் முதல் ரயில் புறப்பட்ட இடம். அந்தத் தூண்களுக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்ள எந்த ஜோடிக்கும் ஆசை வரும், நியாயம்தான். ஆனால் தண்டவாளத்தில் மட்டும் இறக்காதீர்கள். ரயில்வே சட்டத்தின் 147ஆவது பிரிவில் அத்துமீறி நுழைந்ததற்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம் உண்டு. சட்டத்தை விடுங்கள், பட்டுப் புடவையும் குதிகால் செருப்புமாக ஒரு பெண்ணை ஜல்லியில் நிற்க வைத்துவிட்டு, ரயில் வரும்போது எந்தப் பக்கம் ஓடச் சொல்வீர்கள்? பக்கத்தில் உள்ள சென்னைத் துறைமுகம் மத்தியத் தொழிலகப் பாதுகாப்புப் படையின் காவலில் இருக்கிறது. அதன் வாயில்களை நோக்கிக் கேமராவைத் திருப்பாமல் இருப்பதே நல்லது.

காசிமேட்டைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். விடியும் முன்னே ஏலம் தொடங்கிவிடும். ஐஸ் பெட்டி இழுப்பவர்கள் நிற்க மாட்டார்கள், நிற்கவும் முடியாது. ஐஸ் கரைந்தால் மீன் போச்சு. அந்த நேரத்தில் நடுவில் போய் ஜோடியை நிறுத்தினால் திட்டு விழும், அந்தத் திட்டில் தப்பில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் எல்லாம் வரிசையாகக் கட்டிக் கிடக்கும்; பச்சை, நீலம், மஞ்சள் என்று படத்துக்கு அழகாக இருக்கும். அப்போது போகலாம். ஆனால் அது அந்தக் குடும்பங்களுக்கு வருமானம் இல்லாத காலம் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். சும்மா கிடக்கும் படகுதானே என்று கேட்காமல் ஏறிவிடாதீர்கள். பக்கத்தில் யாராவது வலையைப் பழுது பார்த்துக்கொண்டு இருப்பார். படகு யாருடையது என்று கேட்டால் சொல்லுவார். செருப்பைக் கழற்றிவிட்டு ஏறுங்கள். நீங்கள் வாங்கும் தொகையில் ஒரு பகுதியைப் படகுக்காரருக்குக் கொடுங்கள்.

*

வடிவுடையம்மன் கோயிலுக்குள் கைபேசியில் படம் எடுக்கலாமா?
— வாசகி, திருவொற்றியூர்

வேண்டாம் அம்மா. கோயில்களுக்குள் கைபேசி கொண்டுபோவதையே தடை செய்யும்படி சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022 டிசம்பரில் உத்தரவிட்டிருக்கிறது. வெளியே நின்று கோபுரத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

*

கொசஸ்தலை ஆற்று முகத்துவாரத்தை ட்ரோனில் எடுக்க ஆசை. என்னிடம் இருப்பது 900 கிராம் ட்ரோன். மாநகராட்சி அனுமதி போதுமா?
— இளைஞர், எண்ணூர்

வானத்துக்கு மாநகராட்சி அனுமதி தர முடியாது தம்பி. அது மத்திய அரசின் ட்ரோன் விதிகள், 2021இன் கீழ் வருகிறது. 250 கிராமுக்கு மேல் 2 கிலோ வரை உள்ளவை 'மைக்ரோ' வகை, உங்களுடையது அதுதான். பதிவு செய்து அடையாள எண் வாங்க வேண்டும். சொந்த விருப்பத்துக்கு என்றால் பைலட் சான்றிதழ் தேவையில்லை. காசு வாங்கிக்கொண்டு எடுத்தால் தேவை. பிறகு ட்ரோன்களுக்கான மத்திய அரசு இணையதளமான டிஜிட்டல் ஸ்கையின் வரைபடத்தைத் திறந்து, நீங்கள் நிற்கும் இடம் என்ன நிறம் என்று பாருங்கள். பச்சையென்றால் 400 அடி வரை பறக்கவிடலாம். மஞ்சளென்றால் வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டின் அனுமதி வேண்டும். சிவப்பென்றால் மத்திய அரசின் அனுமதி இல்லாமல் கூடாது. முக்கியமானவர்கள் வரும் நாள்களில் காவல்துறை தற்காலிகத் தடையும் போடும். அன்றைய செய்தித்தாளைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

உங்கள் பகுதியில் அனல் மின் நிலையங்கள், காமராஜர் துறைமுகம் எல்லாம் இருக்கின்றன. தடை செய்யப்பட்ட இடம் என்று அறிவித்த வளாகத்தைப் படம் எடுத்தால் 1923ஆம் ஆண்டு அலுவல் ரகசியச் சட்டம் வரை போகும். விளையாட்டில்லை.

ஆனால் படமே எடுக்காமல் இருந்துவிடாதீர்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து கழிமுகம் முழுவதும் படர்ந்தபோது, அதை ஊருக்குக் காட்டியவற்றில் உங்கள் பகுதி இளைஞர்களின் கைபேசிப் படங்களும் உண்டு. எண்ணெய் கருத்து ஒட்டிய படகு விளிம்பு, அதைத் துடைக்கும் ஒரு கை, இவையெல்லாம் உயரத்திலிருந்து தெரியாது. மீனவர் ஒருவரைக் கேட்டுக்கொண்டு அவர் படகில் போங்கள். ஆற்றைத் தண்ணீர் மட்டத்திலிருந்து எடுங்கள்.

*

வியாசர்பாடியில் தெருக் காட்சிகளை எடுத்துக்கொண்டிருந்தேன். ஒருவர் வந்து கேமராவைப் பிடுங்கி, எல்லாப் படத்தையும் அழிக்கச் சொன்னார். பொது இடத்தில் படம் எடுக்க எனக்கு உரிமை இல்லையா?
— புகைப்படக் கலைஞர், பெரம்பூர்

உரிமை இருக்கிறது. உங்கள் கேமராவைப் பிடுங்க அவருக்கு உரிமை இல்லை. காவலராகவே இருந்தாலும், குற்றத்தோடு தொடர்புடைய பொருள் என்று முறைப்படி கைப்பற்றிக் குற்றவியல் நடுவருக்கு (மாஜிஸ்திரேட்) தெரிவிக்கலாம்; அங்கேயே நிற்க வைத்துப் படத்தை அழி என்று சொல்லும் அதிகாரம் சட்டத்தில் இல்லை. மறுபக்கமும் உண்டு. ஒரு தமிழ் இதழ் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் 1994இலேயே, தனியே விடப்படும் உரிமை குடிமக்கள் எல்லாருக்கும் உண்டு என்று சொல்லிவிட்டது. பெண்ணின் அந்தரங்கமான தருணத்தை அவள் அறியாமல் படம் பிடிப்பது சிறைத்தண்டனைக்குரிய குற்றம்.

சட்டம் இவ்வளவுதான். ஆனால் அந்த மனிதருக்கு ஏன் கோபம் வந்தது என்று கேட்டீர்களா?

என் அத்தை பழைய வண்ணாரப்பேட்டையில் தெருக்குழாயடியில் புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு பித்தளைப் பானை தேய்த்துக்கொண்டிருந்தபோது யாரோ படம் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். பல மாதம் கழித்து நகரத்தின் இன்னொரு பக்கத்தில் நடந்த ஒரு கண்காட்சியில் அது தொங்கியது. கீழே ஒரே சொல்: வறுமை. எங்கள் தெருவில் சொந்தக் காசில் முதன்முதலாகத் தையல் இயந்திரம் வாங்கிய பெண் என் அத்தை. எம்.சி. ரோட்டுக் கடைகளுக்குப் பாவாடை தைத்துக் கொடுத்து இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைத்தவர். அந்தப் பானை பொங்கலுக்காகப் புளி போட்டுத் தேய்த்த பானை. படத்தை யாரோ வீட்டில் கொண்டுவந்து காட்டினார்கள். அத்தை அதை வெகுநேரம் பார்த்துவிட்டு, "பானை நல்லா பளபளன்னு இருக்கு" என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு குழாயடிக்கு விடிவதற்கு முன்னால்தான் போவார்.

வியாசர்பாடியில் கால்பந்து இருக்கிறது, கேரம் இருக்கிறது, மாலை நேரத்தில் தெருவிளக்கின் கீழ் படிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். கேமராவோடு வருகிறவர்கள் குப்பையையும் முறைக்கும் முகத்தையும் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். தன் தெருவை அப்படி மட்டுமே பார்த்துப் பார்த்துச் சலித்த மனிதர், ஐம்பதாவதாக வந்த உங்கள் கேமராவைப் பிடித்திருக்கிறார். பிடித்தது தப்பு. அவருடைய மனம் எனக்குத் தெரியும்.

அடுத்த முறை கேமராவைப் பையில் வைத்துக்கொண்டு ஒரு டீ குடியுங்கள். யாரை எடுக்க வேண்டுமோ அவரைக் கேளுங்கள். எடுத்ததும் திரையைத் திருப்பி அவருக்குக் காட்டுங்கள்; வேண்டாம் என்றால் அவர் எதிரிலேயே அழித்துவிடுங்கள். குழந்தைகளைப் பெற்றவர்களைக் கேட்காமல் எடுக்காதீர்கள். நல்ல படமாக அமைந்தால் ஒரு பிரிண்ட் போட்டு அதே தெருவுக்குக் கொண்டுபோய்க் கொடுங்கள். மூன்றாவது முறை போகும்போது, உங்களை நிறுத்தியவரே "அந்த மொட்டை மாடியிலிருந்து எடுத்துப் பாருங்கள்" என்று வழி காட்டுவார்.

*

எங்கள் தெருவில் இரண்டு நாளாக இரவு 2 மணி வரை படப்பிடிப்பு. ஜெனரேட்டர் வண்டி வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிறது. கேட்டால் "பர்மிஷன் இருக்கிறது" என்கிறார்கள். வயதான மாமனாரை வைத்துக்கொண்டு நாங்கள் என்ன செய்வது?
— குடும்பத் தலைவி, ராயபுரம்

"இருக்கிறது" என்று சொன்னால் போதாது, காட்டச் சொல்லுங்கள். தயாரிப்பு நிர்வாகியின் கையில் அனுமதிக் கடிதத்தின் நகல் இருக்க வேண்டும். அதில் தேதி, நேரம், நிபந்தனைகள் இருக்கும். உங்கள் கைபேசியில் அதைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கடிதத்தில் உள்ள நேரம் தாண்டியிருந்தால் காவல்துறைக்கு 100, மாநகராட்சிக்கு 1913. அனுமதி இருந்தாலும் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி வைக்கக் கூடாது என்பது 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதி. வாசலை மறித்த வண்டியை எடுக்கச் சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு. மாமனாரை இரவில் மருத்துவமனைக்குக் கொண்டுபோக நேர்ந்தால் என்ன ஆவது? கடிதத்தையே காட்ட மறுத்தால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தோடு மண்டல அலுவலகத்துக்கு எழுதிக் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும்.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் 2003ஆம் ஆண்டுக் கோடை நினைவுக்கு வந்தது. சென்னையே தண்ணீருக்குத் தவித்த வருடம். எங்கள் பக்கத்துத் தெரு ஒன்றில் படம் எடுக்க ஒரு குழுவுக்கு அனுமதி போனது. அந்தக் கோப்பில் குறிப்பு எழுதியவள் நான். ஒரு இரவு, ஆறு மணி நேரம், இரண்டு வண்டி என்று எல்லாம் சரியாக இருந்தது. மழைக் காட்சி என்று மனுவில் இல்லை, நானும் கேட்கவில்லை.

மறுநாள் விடியற்காலையில் அந்த வழியாக நடந்தேன். தெரு முழுக்க ஈரம். பள்ளங்களில் தண்ணீர் தேங்கி, அதில் விளக்குக் கம்பம் தலைகீழாகத் தெரிந்தது. அந்த ஈரத்துக்குப் பக்கத்திலேயே மெட்ரோ வாட்டர் லாரிக்காக வரிசை: பச்சைக் குடம், ஆரஞ்சுக் குடம், கயிறு கட்டிய ஒரு பெயின்ட் டப்பா, இடம் பிடிக்க வைத்த ஒரு செங்கல். நாற்பது குடமாவது இருக்கும். ஒரு பாட்டி முந்தானையைத் தேங்கிய தண்ணீரில் நனைத்து முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். என்னை அவருக்குத் தெரியும். "ராத்திரி மழ பேஞ்சுதாமே, எங்களுக்குத் தெரியாமலே போச்சு" என்றார்.

அடுத்த வாரம் வேறொரு குழுவின் மனு வந்தது. வரைவில் வழக்கமான நான்கு நிபந்தனைகளுக்குக் கீழே ஐந்தாவதாக எழுதினேன்: "தெருக்குழாய் நீரையோ குடிநீர் லாரி நீரையோ படப்பிடிப்புக்குப் பயன்படுத்தக் கூடாது." அலுவலர் படித்துவிட்டு ஒன்றும் கேட்காமல் கையெழுத்துப் போட்டார். நான் ஓய்வு பெறும் வரை என் மேசையைத் தாண்டிய ஒவ்வொரு அனுமதியிலும் அந்த வரி இருந்தது.

ஆகவே கடிதத்தின் நகல் கைக்கு வந்ததும் நிபந்தனைகளை ஒவ்வொன்றாகப் படியுங்கள். ஜெனரேட்டர் வீட்டு வாசலில் நிற்கக் கூடாது என்ற வரி இல்லையென்றால், தெருவில் பத்துப் பேரிடம் கையெழுத்து வாங்கி, அந்த வரியை இனிமேல் சேர்க்கும்படி மண்டல அலுவலகத்துக்கு மனு கொடுங்கள். இரண்டு நகல். ஒன்றில் முத்திரை வாங்க மறக்காதீர்கள்.